மகவேற்பும் விசேட தேவையுடைய பிள்ளைகளும்

பிறர் ஈன்ற மகவைத் தம் மகவாக ஏற்று வளர்க்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதியதன்று. கண்டியினின்று புறப்படும் பெருந்தெரு கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, மாத்தளை, வவுனியா வழியாக யாழ்ப்பாணஞ் சேர்கின்றது. அத்தெருவின் இரு முனைகளிலும் மகவேற்பிற்கெனத் தனித்தனி வழமைகள் நெடுங்காலம் நிலவின. தென்முனையிற் கண்டியர் வழமை. மகவேற்பு ஊரறிய அறிவிக்கப்படல் வேண்டும், பிள்ளை ஒத்த சாதியினதாதல் வேண்டும் என்பன அதன் விதிகள். 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு எழுத்துறுதியையும் வேண்டிற்று. வடமுனையிலே தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் தொகுத்த அந்நூல், உரித்தாளர் இசைவோடு மஞ்சள் நீர் பருகி மகவேற்குஞ் சடங்கைக் கூறும்.

இவ்விரு வழமைகளையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இவை பிள்ளையின் தேவையினின்று எழுந்தவையல்ல; பிள்ளையில்லா வீட்டின் தேவையினின்று எழுந்தவை. முதுசொத்தைக் காக்கவும் ஈமக்கடன் ஆற்றவும் ஒருவன் வேண்டப்பட்டான். அத்தகைய தேட்டத்தில் விழிப்புலனற்ற பிள்ளைக்கோ செவிப்புலனற்ற பிள்ளைக்கோ இடம் ஏது? மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் இத்தகையோர்க்குச் சொத்திற் பங்கில்லை என விலக்கி, ஊணும் உடையும் மட்டும் அளிக்குமாறு விதித்தது. இந்தியாவில் இவ்விலக்கு 1928ஆம் ஆண்டிலேதான் சட்டத்தாற் பெரிதும் நீக்கப்பட்டது. பெற்ற பிள்ளைக்கே இந்நிலையெனின், ஏற்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டா.

இலங்கையின் 1941ஆம் ஆண்டு 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் இம்முறைமையைத் தலைகீழாக மாற்றியது. மகவேற்பு உத்தரவு பிள்ளையின் நலத்துக்கு உகந்ததென நீதிமன்றம் திருப்தியுறல் வேண்டும். அதற்கெனப் பணங் கைம்மாறலாகாது. வீட்டுக்குப் பிள்ளை தேடிய காலம் போய்ப் பிள்ளைக்கு வீடு தேடுங் காலம் வந்தது. அங்ஙனமாயின், வீடு மிகுதியும் வேண்டப்படும் பிள்ளையே முதலிற் கருதப்படல் வேண்டும். நடைமுறையோ வேறு. மகவேற்க விரும்புவோர் பெரும்பாலும் நோயற்ற கைக்குழந்தையையே கேட்கின்றனர். நிறமும் சாதகமுங் கேட்பாரும் உளர். சட்டம் மாறியும் மனத்தளவிற் பழைய வழமையே ஆட்சி புரிகின்றது.

விசேட தேவை என்னுஞ் சொல்லே சிலரை அஞ்சச் செய்கின்றது. அச்சொல்லில் அடங்குவன யாவும் ஒரு தன்மையன அல்ல. பிளவுற்ற உதட்டைக் குழந்தைப் பருவத்திலேயே அறுவைச் சிகிச்சையாற் சீர்செய்யலாம். உள்நோக்கி வளைந்த பாதத்தைப் பொன்செற்றி என்னும் வைத்தியர் வகுத்த முறைப்படி, வாரந்தோறும் பிளாஸ்டர்க் கட்டு மாற்றிப் படிப்படியாக நேராக்கலாம். அதன்பின் சில ஆண்டுகள் உறங்கும் வேளையிற் பாதத்தாங்கி அணிவித்தல் வேண்டும். அதனை இரவுதோறும் மறவாது அணிவிப்பதற்குத்தான் ஒரு தாய் வேண்டும்! பெருமூளை வாதம், டவுன் நோய்க்குறி, ஓட்டிசம் என்பன அவ்வாறு தீர்வன அல்ல. அவை வாழ்நாள் முழுவதும் உடனிருப்பவை. எனினும் பயிற்சியினால் நடையும் பேச்சும் தன்கருமந் தானே செய்யும் ஆற்றலும் வளரக் காணலாம்.

அனாதை இல்லம் இப்பணியைச் செய்யாதோ என வினவலாம். உணவும் மருந்தும் அங்குக் கிடைக்கும். ஆயின் முறைக்கு முறை மாறும் பணியாளர் ஒருவரும் தாயாகார். ஜோன் பௌல்பி என்பார் 1951ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கையில் இதனையே வற்புறுத்தினார். ருமேனியாவின் புக்காரெஸ்ற் நகரில் 2000ஆம் ஆண்டளவிற் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுட் பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் அறிவு வளர்ச்சியில் ஏனையோரினும் மேம்பட்டனர். இரண்டு வயதிற்கு முன் குடும்பஞ் சேர்ந்தோர் மிகுந்த பயன் பெற்றனர். அவ்வாய்வு இயலாமையுடைய பிள்ளைகளைப் பற்றியதன்று. ஆயினும் ஏனைய குழந்தைக்கே இல்லம் போதாதெனின், செவி கேளாத குழந்தைக்கு அது எங்ஙனம் போதும்? சைகைக்கு மறுசைகை காட்ட ஒருவர் எப்பொழுதும் அருகிருத்தல் வேண்டுமன்றோ.

கட்டுகஸ்தோட்டையிலும் அயலூர்களிலும் வாழும் குடும்பத்திற்கு இது எட்டாத செயலன்று. விண்ணப்பம் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியாகவே செல்லுதல் வேண்டும். விண்ணப்பதாரி 25 வயதிற் குறையாதவராகவும் பிள்ளையினும் 21 வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் பொதுவிதி. பேராதனையிற் சிறுவர் வைத்தியசாலையும், திகனையிற் புனர்வாழ்வு வைத்தியசாலையும் உள. இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனம் அனுமதி மறுத்தலை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கின்றது. இச்சட்டத்தை அறியாத அதிபர்களும் இருத்தல் கூடும். பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

புண்ணியங் கருதி ஏற்க முன்வருவார் சற்று நின்று சிந்தித்தல் நலம். புண்ணியத்திற்காக ஏற்கப்பட்ட பிள்ளை நாள்தோறும் நன்றி செலுத்தக் கடமைப்படும். மகன் அவ்வாறு கடமைப்படுவதில்லை. பிள்ளையின் வைத்தியப் பதிவுகளை முழுமையாகப் படித்து, வைத்தியரோடு கலந்து, வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளின் மனமுமறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். தமக்குப்பின் யார் என்னும் வினாவையும் தள்ளிவைத்தலாகாது. மரணசாதனத்தில் அப்பிள்ளைக்கென ஒரு பங்கினை நம்பிக்கைப் பொறுப்பாக ஒதுக்கி, பாதுகாவலர் ஒருவரைப் பெயர் குறித்து வைத்தல் ஒரு வழியாகும்.

செலவு மற்றொரு தடை. ஐக்கிய அமெரிக்கா 1980ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், விசேட தேவையுடைய பிள்ளையை ஏற்கும் பெற்றோர்க்கு அரசின் உதவிப்பணம் கிடைக்க வழிசெய்தது. அதனால் நடுத்தர வருவாயினரும் துணிந்து முன்வரலாயினர். அத்தகையதோர் உதவி இலங்கையிலும் முறையாக வகுக்கப்படுமாயின், மாதச் சம்பளத்தில் வாழும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் தோட்டத்து உத்தியோகத்தரும் விண்ணப்பப் படிவத்தில் ‘நோயற்ற குழந்தை’ என எழுதுமுன் ஒருகணம் பேனாவை நிறுத்துவர்.