பாயிண்ட் மாறிய கணினி

நம்மில் சிலர் வீட்டில் ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருக்கிறோம். கணினியை முடுக்கியதும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் மெனு ஒரு நாள் மறைந்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தத் தீபாவளிக்கு நாக்பூர் வந்திருந்த என் மகன், விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினான். மறுநாள் காலை, மெனுவே வராமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போய் நின்றது. உபுண்டு லினக்ஸ் இருந்த சுவடே இல்லை.

உபுண்டுவில்தான் சங்கத்தின் உறுப்பினர் கணக்கு இருந்தது. அதைவிட முக்கியம், மறைந்த என் மனைவியின் சமையல் குறிப்பு நோட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள். நோட்டு ஈரத்தில் கெட்டுப் பல காலமாயிற்று. வேறு பிரதி கிடையாது. பழுது பார்க்கும் கடைப் பையன், "ஃபார்மட் செய்தால் புதிது போல ஆகிவிடும், அங்கிள்ஜி" என்றான். கணினியைக் கையோடு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். வண்டி வேறு லைனில் போனால், தண்டவாளம் காணாமல் போய்விட்டது என்று நாங்கள் நினைப்பதில்லை. பாயிண்ட் எந்தப் பக்கம் அமைந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கும் அதே கதைதான்.

பழைய கணினிகளில், வட்டின் முதல் 512 பைட்டில்தான் தொடக்க நிரல் இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது அழித்து எழுதப்பட்டுவிடும். இப்போதைய யூஇஎஃப்ஐ கணினிகளில் அப்படியில்லை. வட்டில் இஎஃப்ஐ என்ற சிறு பகுதி உண்டு. அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. மேம்படுத்தும்போது பெரும்பாலும் மாறுவது இந்த வரிசை மட்டுமே. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரிசெய்யும் முறை இது:

1. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்க வரிசையை மாற்றினால் கணினி அதைக் கேட்கக்கூடும்.

2. கணினியை முடுக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். வரும் திரையில் 'பூட்' பகுதிக்குச் செல்லுங்கள்.

3. அங்கே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' மேலேயும் 'உபுண்டு' கீழேயும் இருக்கும். உபுண்டுவை மேலே ஏற்றி, சேமித்து வெளியே வாருங்கள். என் கணினியில் இவ்வளவுதான் தேவைப்பட்டது.

4. பட்டியலில் உபுண்டுவே இல்லையென்றால், உபுண்டு ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவும் வழியைத் தொடாமல், 'முயன்று பார்க்க' என்ற வழியை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணையத்திலிருந்து 'பூட் ரிப்பேர்' என்ற இலவச நிரலை அதில் இறக்கி, அது பரிந்துரைக்கும் சீரமைப்பைச் செய்தால் போதும்.

5. மெனு வந்தும் அதில் விண்டோஸ் தெரியாவிட்டால் பதறாதீர்கள். மெனுவைக் காட்டும் கிரப் நிரல், 2021-இல் வந்த 2.06 பதிப்பு முதல் பிற இயக்க முறைமைகளைத் தானாகத் தேடுவதில்லை. அதன் அமைப்புக் கோப்பில் 'ஓஎஸ் புரோபர்' மீதுள்ள தடையை நீக்கி, 'அப்டேட் கிரப்' கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸும் வந்துவிடும்.

எனக்கு மொத்தமே பத்து நிமிட வேலை. மெனு வந்ததும் முதலில் திறந்து பார்த்தது மனைவியின் கையெழுத்தைத்தான். வத்தக்குழம்புப் பக்கத்தில் எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. அன்றே இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

கணினியை மேம்படுத்தும் முன் நகல் எடுங்கள். மெனு மறைந்தால் பாயிண்ட்டைப் பாருங்கள். பார்க்கும் முன்பு யார் சொன்னாலும் ஃபார்மட் செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள்.