பொன்முடி மழையும் பொழிமுகப் படகும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது பொன்முடி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்விடத்திற்குச் செல்லும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளும் மூடுபனியும் நிறைந்த இம்மலைக்கும் கடலில் செல்லும் சிறு படகிற்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பை ஏற்படுத்துவது ஓர் ஆறு.

பொன்முடிப் பகுதியில் பெய்யும் மழை, கல்லாறாக இறங்கி வாமனபுரம் ஆற்றில் சேர்கிறது. பொன்முடியை அடுத்துள்ள செம்முஞ்சி மொட்டையில் தோன்றும் வாமனபுரம் ஆறு 88 கிலோமீட்டர் ஓடுகிறது. பின்னர் அஞ்சுதெங்குக் காயலை அடைந்து, முதலப்பொழி என்னும் இடத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. ஆறோ காயலோ கடலோடு கூடும் வாயிலையே ‘பொழி’ என்பர். இந்தப் பொழிமுகத்தில்தான் பெருமாதுறை, தாழம்பள்ளி ஆகிய ஊர்களை ஒட்டி மீன்பிடித் துறைமுகம் அமைக்கப்பட்டுள்ளது.

துறைமுக வாயிலின் இருபுறமும் கற்களாலான அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. கரையோரமாக நகரும் மணல் இவற்றால் தடைப்பட்டு வாயிலில் படிகிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வாயில் முழுவதுமே மணலால் அடைபட்டது. இத்துறைமுக வாயிலில் படகு கவிழ்ந்து மீனவர் பலர் உயிரிழந்துள்ளனர். ஆழ்கடலில் தப்பி வந்த படகு, வீடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கவிழ்வது எதனால்?

அலையின் இயல்பை அறிந்தால் காரணம் விளங்கும். ஆழமான நீரில் அலை படகைத் தூக்கி இறக்குமேயன்றிக் கவிழ்ப்பது அரிது. ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையில் உராய்ந்து வேகம் குறைகிறது. அலை செங்குத்தாக எழுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே மிகுதியாக இருக்கும் இடத்தில் அது உடைகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அலை, ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும். எனவே வாயிலில் மணல்திட்டு இருப்பின், அலை உடையும் இடமும் படகு நுழையும் வழியும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்குதான் மலைமழையும் வந்து சேர்கிறது. பொன்முடியில் பெருமழை பெய்தால் ஆற்றுநீர் பொழிமுகத்தின் வழியே விரைந்து வெளியேறும். வெளியேறும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் எதிரெதிரே மோதும்போது, அலைகள் நெருங்கியும் செங்குத்தாகவும் எழுகின்றன. கடல்நீர் வற்றும் நேரமும் இதனோடு சேருமாயின் ஆபத்து இரட்டிப்பாகும். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரத் தென்கடலில் பிறந்த பேரலைகள் திடீரெனக் கரையைத் தாக்குவதுண்டு. அறிவிப்பின்றி வருவதால் கேரள மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். இச்சொல் இன்று அறிவியலாராலும் ஏற்கப்பட்டுள்ளது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இது குறித்து முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது.

ஆகவே, கரைசேரும் பணி வாயிலுக்கு வெளியே, ஆழமான நீரிலேயே தொடங்க வேண்டும். முதலில் எரிபொருள் போதுமா என்று பார்த்து, தேவையெனில் அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும். உடையும் அலைகளுக்கு நடுவே எந்திரம் நின்றுபோவதைவிடக் கொடிய நிலை வேறில்லை. வலைகளையும் கயிறுகளையும் உந்துவிசிறியில் சிக்காதவாறு கட்டிவைக்க வேண்டும். பாரத்தைத் தாழ்வாகவும், சற்றுப் பின்தள்ளியும் வைப்பது நலம். முன்பகுதியாகிய அணியம் கனத்தால் படகு அலையின் பள்ளத்தில் மூக்கைக் குத்தும். அனைவரும் உயிர்காப்பு உடையை வாயிலுக்கு வெளியிலேயே அணிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது காத்திருத்தல். அலைகள் ஒரே அளவாய் வருவதில்லை. பெரிய அலைகள் சில சேர்ந்து வந்தபின் சிறிய அலைகள் சில வரும். கடலிலிருந்து நோக்குவோர்க்கு அலையின் முதுகு மட்டுமே தெரிவதால், அலை உள்ளதினும் சிறிதாகத் தோன்றும். ஆதலால் பல நிமிடங்கள் பொறுத்திருந்து அலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கரையில் நிற்போரிடம் கைபேசியில் கேட்டறிவதும் பயன்தரும்.

பெரிய அலைகளின் வரிசை கடந்ததும், இறுதி அலையின் முதுகைத் தொடர்ந்து நேராக உள்ளே செல்ல வேண்டும். முன்செல்லும் அலையின் முகட்டைத் தாண்டலாகாது. பின்வரும் அலை எட்டிப்பிடிக்கவும் விடலாகாது. இரண்டரை மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பாரமேற்றிய சிறுபடகால் அவ்வேகத்தில் செல்ல இயலாதெனில், பின்வரும் அலை அதனைப் பிடித்துவிடும். அப்போது படகின் பின்பகுதி ஒருபுறம் தள்ளப்பட்டு, படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதனைக் கவிழ்க்கும். நுழைந்தபின் நடுவழியில் அஞ்சித் திருப்ப முயல்வோர்க்கும் இதுவே நேரும். துறைமுகமின்றி மணற்கரையில் ஏறும் படகாயின், அடி தரைதட்டும் முன்னரே எந்திரத்தை நிறுத்தி உந்துவிசிறியை மேலே தூக்கிவிட வேண்டும்.

அலைகள் தணியவில்லையெனில் நுழையாதிருப்பதே அறிவுடைமை. தெற்கே விழிஞ்ஞமும் வடக்கே கொல்லத்தின் துறைமுகங்களும் உள்ளன. ஆயினும் அங்கே செல்வதற்கு எரிபொருள் செலவாகும். பிடித்த மீன் உரிய நேரத்தில் சந்தைக்கு எட்டாது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்பு தடைசெய்யப்படுகிறது. மரபுவழிச் சிறுபடகுகளுக்கு இத்தடை இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் அந்நாள்களே கடல் மிகவும் கொந்தளிக்கும் நாள்களும் ஆகும். மீனவர் துணிந்து நுழைவது அறியாமையால் அன்று. அன்றாடப் பிழைப்பின் நெருக்கடியால் என்பதை மறத்தலாகாது.

எனவே பாதுகாப்பைப் படகோட்டியின் திறமையில் மட்டும் விட்டுவிட இயலாது. வாயிலில் படியும் மணலை உரிய காலத்தில் அகற்றுதலும், அலைத்தடுப்புச் சுவர்களின் குறைகளைச் சீர்செய்தலும் அரசின் கடமை. காத்திருந்து அலை பார்த்தல் படகோட்டியின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் கடலுக்குச் சென்றவர் வீடு திரும்புவது உறுதியாகும்.

வினாக்கள்

1. பொன்முடியில் பெய்யும் மழை முதலப்பொழியில் வரும் படகை எவ்வாறு பாதிக்கிறது?
2. படகு அலைக்குக் குறுக்கே திரும்பலாகாது என்பதன் காரணத்தை விளக்குக.
3. ஆபத்தை அறிந்தும் மீனவர் பொழிமுகத்தில் நுழைவது ஏன்? உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.