800 போட்டோ, ஒரே கிளிக்! ஆனா எந்தப் படம் எந்தப் பனியன்?



நம்ம ஊரில் பனியன் தைப்பது ஊர் உலகத்துக்கே தெரியும். பனியனைப் போட்டோ எடுப்பதும் இப்ப ஒரு தனி வேலை ஆயிடுச்சு, அது உங்களுக்குத் தெரியுமா? காதர்பேட்டையில் ஒரு கடைக்கு என் பெரியப்பா பையன் இந்த வேலை பார்க்கிறார். லீவு நாளில் நானும் கூடப் போவேன். ஆன்லைனில் விற்க எடுக்கிற படங்கள் அவை.

முதலில் ஒரு கணக்கு. 40 மாடல், ஒவ்வொன்றிலும் 5 கலர், ஆக 200 பீஸ். ஒரு பீஸுக்கு முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, மடித்து வைத்தது என்று 4 படம். மொத்தம் 800 படம். ஒரு படத்தைத் திறந்து, ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி, அளவு குறைத்து, பெயர் மாற்றி, சேமிக்க ஒன்றரை நிமிஷம் என்று வைத்தாலும் 1200 நிமிஷம். அதாவது 20 மணி நேரம். நம்ம ஊர் பாஷையில் சொன்னா இரண்டரை ஷிப்ட்!

இஷ்டத்துக்கு எடுத்தும் போட முடியாது. உதாரணமா, அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையா இருக்கணும். பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே வேலையை 800 தடவை செய்வதற்குத்தானே கம்ப்யூட்டர் இருக்கு? போட்டோஷாப்பில் 'ஆக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. 1996-ல் வந்த 4-ஆவது பதிப்பிலிருந்தே இருக்கிறது. பழைய டேப் ரெக்கார்டர் மாதிரிதான். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு படத்துக்கு எல்லா வேலையும் செய்தால், அது பதிவாகிவிடும். அப்புறம் 'பேட்ச்' என்று சொல்லி ஃபோல்டரைக் காட்டினால் மீதி 799 படத்துக்கும் அதுவே செய்யும். நாம டீ குடிக்கப் போகலாம்.

போட்டோஷாப் இல்லையா? இர்ஃபான்வியூ இருக்கிறது. போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஷ்கில்யான் என்பவர் எழுதி 1996-ல் வெளியிட்டது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இலவசம், வியாபாரத்துக்குக் காசு கட்டணும். அதைத் திறந்து 'பி' எழுத்தை அமுக்கினால் பேட்ச் பெட்டி வரும். பெயர் எழுதும் இடத்தில் மாடல் நம்பரை எழுதி, பக்கத்தில் ### போட்டால் 001, 002, 003 என்று அதுவே எண் கொடுத்துக்கொண்டு போகும். ஒரு ரகசியம்: புதுப் படங்களை எப்பவும் வேற ஃபோல்டரில் சேமியுங்கள். அசல் மேலேயே எழுதிவிட்டால், ஒரு தப்பு நடந்தாலும் 800-ம் போச்சு!

ஏன் 1 என்று இல்லாமல் 001? கம்ப்யூட்டர் பல இடங்களில் எண்ணை எண்ணாகப் படிக்காது, எழுத்தாகப் படிக்கும். டிக்‌ஷனரியில் வருவது போல 1, 10, 11, அப்புறம்தான் 2 என்று அடுக்கும். முன்னால் பூஜ்யம் இருந்தால் இந்தத் தகராறு வராது.

இதுவரை சொன்னது சுலபம். என் கணக்குப்படி உண்மையான வில்லங்கம் இனிமேல்தான். கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியும், பனியனைத் தெரியாது. நாலு நாலாகப் பிரித்து முதல் நாலு முதல் பீஸ், அடுத்த நாலு இரண்டாம் பீஸ் என்று பெயர் வைக்கும். 37-ஆவது பீஸில் படம் ஆடிவிட்டது என்று ஒன்று கூட எடுத்தால் என்ன ஆகும்? அந்த ஐந்தாவது படம் 38-ஆவது பீஸின் முதல் படம் ஆகிவிடும். 38-ன் கடைசிப் படம் 39-க்குப் போகும். இப்படியே 200 வரைக்கும், 163 பீஸ் தப்பு! 38 மெரூன், 39 நேவி என்று வையுங்கள். நேவி பனியனுக்கு முதல் படமாக மடித்து வைத்த மெரூன் நிற்கும். பார்த்து ஆர்டர் போட்டவர் கைக்கு நேவி போனால் சும்மா இருப்பாரா? பார்சல் திரும்பி வரும், கெட்ட பெயர் கடைக்கு.

கட்டிங்கில் வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இது அவர்களுக்குப் பழைய கதை. துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டியதும் ஒவ்வொரு பிட்டுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே நிறம் என்றாலும் ரோலுக்கு ரோல் சாயம் லேசா மாறும். 25-ஆம் நம்பர் உடம்புக்கு 25-ஆம் நம்பர் கைதான் சேரணும். கை அடுக்கில் ஒரு பிட்டை விட்டுவிட்டு ஒட்டினால் அதுக்கப்புறம் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று பனியன் வரும்.

அதனால் அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பீஸுக்கும் முன்னால் மாடல் நம்பரும் கலரும் எழுதிய வெள்ளைச் சீட்டை ஒரு படம் எடுப்பார். ஆக பீஸுக்கு 5 படம். மொத்தம் 1000 வந்ததா என்று எண்ணினால் மட்டும் போதாது, ஓர் இடத்தில் ஒன்று கூடி இன்னோர் இடத்தில் ஒன்று குறைந்தாலும் 1000 வருமே! ஆகவே சிறு படங்களாகக் காட்டும் ஜன்னலை, வரிசைக்கு ஐந்து வருகிற மாதிரி அகலம் வைப்பார். எல்லாம் சரி என்றால் சீட்டுகள் எல்லாம் முதல் பத்தியில் நேர்கோடாக நிற்கும். எங்கே கோடு உடைகிறதோ அங்கேதான் தப்பு. சரி செய்துவிட்டு, சீட்டுப் படங்களை எடுத்துவிட்டு, அப்புறம்தான் பேட்ச் ஓட்டுவார். எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை இது, சாஃப்ட்வேரே வேண்டாம்!

கலர் விஷயத்திலும் கவனம் வேணும். 'ஆட்டோ' என்பதை நம்பாதீர்கள். அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத் திருத்தும், கறுப்புப் பனியனைச் சாம்பல் ஆக்கிவிடும். காலையில் எடுத்ததையும் சாயங்காலம் எடுத்ததையும் தனித்தனி பேட்ச்சாக, ஒரே அளவு கொடுத்து ஓட்டணும். கடைசியில் பனியனைப் பக்கத்தில் வைத்து ஒரு கண் பார்க்கணும்.

அந்தக் கண் யாருடையது? பக்கத்துக் கடையில் ஓர் அக்கா படத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேட்ச் வந்ததும் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மெரூனா, ஒயினா என்று பார்த்தவுடனே சொல்கிறவர் அவர்தான், கம்ப்யூட்டர் இல்லை. இப்ப அவர் எங்க அண்ணனிடம் தினக்கூலிக்குச் சீட்டு எழுதுகிறார், கலர் பார்க்கிறார்.

நம்ம ஆண்டு விழாப் படங்கள் லேபில் இரண்டு மெமரி கார்டில் இருக்கின்றன. இரண்டிலும் 0001-லிருந்துதான் எண் ஆரம்பம். ஒரே ஃபோல்டரில் காப்பி செய்யும்போது 'ரீப்ளேஸ்' என்று கேட்டால் தயவுசெய்து 'யெஸ்' கொடுக்காதீர்கள். முதல் கார்டின் படம் அழிந்துவிடும். வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் பீரியடில் பெயர் மாற்றப் போகிறோம், வர விரும்புகிறவர்கள் வரலாம்.