நீச்சற் போட்டியும் மாணவியர் பங்கும்

உத்தியோகத்தின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய தமிழர்க்கு விழிஞ்ஞம் அறிமுகமான ஊரே. நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அப்பழந்துறை, ஆய் வேந்தர் காலத்திலேயே பெயர் பெற்றது. பெருங்கப்பல்கள் வந்தணையும் புதிய துறைமுகம் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆயினும், அங்குச் செல்லும்போதெல்லாம் என் கருத்தைக் கவர்ந்தவை கப்பல்கள் அல்ல. மீன்பிடித் துறையின் ஓரத்தில் நீரிற் குதித்து, மூழ்கி, எதிர்நீச்சலிட்டுக் கரையேறும் சிறுவர்களையே நான் நின்று பார்ப்பதுண்டு. அவர்களுடைய சகோதரிகளும் அருகிலேதான் இருப்பார்கள். ஆனால் மணலிலே, மீன்கூடையுடன் நிற்கும் தாயாரின் பக்கத்திலே. ஒரே கடல், ஒரே குடும்பம்; நீந்தப் பழகுகிறவர் மட்டும் பாதிப்பேர்.

இக்காட்சிக்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. சென்ற ஆண்டு என் மகளின் கல்லூரிக் கட்டண ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விளையாட்டுக் கட்டணம் என்று ஓர் இனம் இருந்தது. மாணவனுக்கும் மாணவிக்கும் அத்தொகை ஒன்றே. அவ்வாண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த நீச்சற் போட்டிக்கு அக்கல்லூரியிலிருந்து மாணவர் அணி சென்றது. மாணவியர் அணி செல்லவில்லை. காரணம் கேட்டபோது, "பெண்கள் முன்வருவதில்லை" என்ற விடை கிடைத்தது. நீந்தத் தெரிந்த மூவர் அவ்வகுப்பிலேயே இருந்தனர் என்று என் மகள் கூறினாள். அவர்களைக் கேட்டவர் எவருமில்லை.

முன்வரவில்லை என்பது மெய்யாகவே விருப்பமின்மைதானா, அன்றி வழியின்மையா? இவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

நீச்சல், பந்தும் திடலும் இருந்தால் போதும் என்னும் விளையாட்டன்று. அளவெடுத்த குளம் வேண்டும். ஒலிம்பிக் பந்தயத்துக்குரிய குளம் 50 மீட்டர் நீளமுடையது. தூய்மை செய்யப்பட்ட நீரும், பயிற்சியாளரும், நாள்தோறும் நேரமும் வேண்டும். மாணவியர்க்கு மேலும் சில தேவைகள் உண்டு: கதவடைத்து உடை மாற்றும் அறை, இயன்றால் பெண் பயிற்சியாளர், இருட்டுமுன் வீடு திரும்பத்தக்க பயிற்சி வேளை, வெளியூர்ப் போட்டிக்கு உடன் செல்ல ஓர் ஆசிரியை. 2015-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு விழாவின் நீச்சற் பந்தயங்கள் நடந்த பிரப்பன்கோடு குளம் இம்மாவட்டத்திலேதான் உள்ளது. ஆனால் விழிஞ்ஞத்துப் பெண்ணொருத்தி அங்குச் செல்ல நகரத்தையே கடந்து வடக்கே போக வேண்டும். அவளுக்குப் பேருந்துக் கட்டணமும் விளையாட்டு நிதியின் ஒரு பகுதியே.

திறமை ஒன்றே போதாது என்பதற்கு ஆரதி சாஹாவின் வரலாறு சான்று. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சிறுமியாகவே நீந்திய அவர், 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார். வழிகாட்டும் படகு தாமதமாக வந்தது, முயற்சி கைகூடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மீண்டும் இறங்கி வென்று, அக்கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் என்னும் புகழ் எய்தினார். இரு முறையும் கை ஒன்றே, உள்ளமும் ஒன்றே. படகு வேளைக்கு வந்ததும் வராததுமே வேற்றுமை. அந்தப் படகைப் போன்றதே நிதியும்.

செல்வம் மிக்க அமெரிக்காவிலும் நிலைமை முன்பு இவ்வாறே இருந்தது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 2 தங்கப் பதக்கம் வென்ற டோனா டி வரோனாவுக்கு அப்போது வயது 17. நீச்சல் வீரர்களுக்குக் கல்லூரிகள் உதவித்தொகை தந்து வரவேற்ற காலம் அது. வீராங்கனைக்கோ அத்தகைய உதவித்தொகை எங்கும் இல்லை. 1972-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், 'ஒன்பதாம் தலைப்பு' எனப்படும் சட்டம் அங்கே நிறைவேறியது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். ஒவ்வோர் அணிக்கும் ஒரே தொகை செலவிட வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. மாணவியரின் எண்ணிக்கைக்கேற்ப அவர்க்கு வாய்ப்பு உண்டா, வாய்ப்பு ஆண்டுதோறும் விரிந்து வந்துள்ளதா, அவர்களது விருப்பம் நிறைவு செய்யப்படுகிறதா என்பவற்றையே அதன் விதிகள் ஆராய்கின்றன. பயிற்சி நேரம், உடை மாற்றும் அறை, பயணச் செலவு ஆகியனவும் கணக்கில் வரும்.

அச்சட்டத்தால் விளைந்த ஒரு கசப்பையும் மறைத்தல் முறையன்று. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், நிதி நெருக்கடியைக் காட்டி ஆண்களின் நீச்சல் அணியைக் கலைத்தது. பெண்களின் அணியை வைத்துக்கொண்டது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். மாணவர் தொகையில் 44 விழுக்காட்டினராக இருந்த பெண்கள், விளையாட்டு அணிகளில் நான்கில் ஒரு பங்கினும் குறைவாகவே இருந்தனர். ஆகவே பல்கலைக்கழகம் செய்தது சட்டப்படி சரியே என்று 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நிலைத்தது, ஆனால் சில இளைஞர் குளத்தை இழந்தனர். ஒருவரைக் கரையேற்றி மற்றொருவரை இறக்கும் சமத்துவம் நிறைவானதன்று. குளத்தைத் திறந்து வைக்கும் நேரத்தைக் கூட்டுவதே சிறந்த வழி.

நம் அரசியலமைப்பின் 15-ஆம் விதி, பால் வேற்றுமையை விலக்குவதோடு, பெண்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்யவும் அரசுக்கு இடமளிக்கிறது. அத்தகைய ஏற்பாட்டின் பயனைக் கேரளம் கண்டிருக்கிறது. 1976-இல் கண்ணூரில் மாணவியர்க்கென விளையாட்டுப் பிரிவு தொடங்கப்பெற்றது. மாத உதவித்தொகை பெற்று அங்கே சேர்ந்த சிறுமியே பின்னாளில் உலகறிந்த பி. டி. உஷா. பெண்ணுக்குச் செய்யும் செலவு ஆணுக்கு நட்டமன்று என்பதற்கும் சான்றுண்டு. 2015-இல் பிரப்பன்கோட்டில் 6 தங்கம் வென்ற சஜன் பிரகாஷ், நம் நெய்வேலியில் வளர்ந்தவர். அவர் தாயார் சாந்திமோள் தாமே ஒரு தடகள வீராங்கனை. தாய் பெற்ற ஊக்கம் மகனின் நீச்சலிலும் பலித்தது.

2025-இல் இயற்றப்பெற்ற தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுச் சங்கங்களின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. இது நல்ல தொடக்கமே. ஆயினும், கல்லூரியின் விளையாட்டு நிதியில் மாணவியர் பங்கு இவ்வாறு அமைய வேண்டும் என்று கூறும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. ஆதலின் அதனைக் கேட்டறியும் பொறுப்பு பெற்றோரைச் சார்கிறது.

அயல் மாநிலத்தில் வாழும் நாம், 'வந்த இடத்தில் நமக்கேன் வீண் பேச்சு?' என்று ஒதுங்கி விடுகிறோம். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அணியில் இடம்பெறப் பிறந்த மாநிலம் எது என்பது தடையன்று. அங்கே பயிலும் மாணவியாக இருத்தலே முதன்மையான தகுதி. பெற்றோர் கூட்டத்தில் நான்கு கேள்விகளைப் பணிவுடன் கேட்கலாம். விளையாட்டுக் கட்டணமாக வசூலானது எவ்வளவு? அதில் மாணவியர் அணிகளுக்குச் செலவானது எவ்வளவு? குளத்தில் அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம்? அவர்களைப் போட்டிக்கு அழைத்துச் செல்பவர் யார்? அரசுக் கல்லூரியாயின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கவும் வழியுண்டு.

நாங்கள் சில பெற்றோர் இவ்வாண்டு அக்கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். முழு விடை இன்னும் வரவில்லை. ஆனால் நீந்த விரும்பும் மாணவியர் பெயர் தருக என்னும் அறிவிப்புக் கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட்டது. முதல் வாரத்திலேயே 11 பேர் பெயர் தந்தனர். அவர்களுள் ஒருத்தி விழிஞ்ஞத்துப் பெண்.