பணியிடத்தில் தொடங்கும் நோய்த்தடுப்பு

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், தாம்பரம் ஆகிய பகுதிகளிலிருந்து நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக வருவோரில் பெரும்பாலோர் பணிக்குச் செல்பவர்கள். மெப்ஸ் வளாகத்தில் ஷிப்டு முறையில் உழைப்பவர்களும், பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி முன் அமர்ந்திருப்பவர்களும், கடைகளில் நாள் முழுவதும் நிற்பவர்களும் அவர்களுள் உள்ளனர். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அவர்கள் பணியிடத்திலும் பயணத்திலும் கழிக்கின்றனர். எனவே, வீட்டில் மட்டும் உணவுக் கட்டுப்பாடு மேற்கொண்டால் போதுமா என்ற கேள்வி எழுகிறது. பணியிடத்தில் நடத்தப்படும் நலவாழ்வுத் திட்டங்களால் உண்மையில் பயன் உண்டா, அவற்றிலிருந்து நோயாளரும் குடும்பத்தினரும் எவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பணிக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பு

இத்தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் பிரித்தானிய மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். அவரது ஆய்வு 1953இல் வெளிவந்தது. லண்டன் மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களைக் காட்டிலும், நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததை அவர் கண்டார். தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே எடுத்துக்கொள்கிறது. இன்சுலினும் நன்கு வேலை செய்கிறது. நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் இவ்விரண்டும் மந்தமடைகின்றன.

சென்னை ஆய்வுகள் கூறுவது

பணியிடம் சார்ந்த நோய்த்தடுப்பில் உலகம் கவனித்த இரண்டு ஆய்வுகள் சென்னையிலிருந்தே வந்தவை. இரண்டையும் நடத்தியது மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு.

முதலாவது, 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நிறுவனங்களில் பணியாற்றியோரைப் பரிசோதித்து, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை அதில் சேர்த்தனர். நாள்தோறும் குறைந்தது அரைமணி நேர நடை, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்த உணவு என்பவையே அறிவுரை. மூன்று ஆண்டுகளில், சிறப்பு அறிவுரை பெறாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. அறிவுரையும் தொடர் கண்காணிப்பும் பெற்றவர்களில் அது சுமார் 39 சதவீதமாக இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு பயனே கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கூடுதல் நன்மை ஏதும் இல்லை.

இரண்டாவது ஆய்வு 2013இல் வெளியானது. அதில் பங்கேற்ற 537 பேரும் பணிக்குச் செல்லும் ஆண்கள். ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அறிவுரை வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் கைப்பேசியில் குறுஞ்செய்திகளும் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் முதற்பிரிவில் 27 சதவீதத்தினருக்கும், குறுஞ்செய்தி பெற்ற பிரிவில் 18 சதவீதத்தினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது.

இவ்விரு ஆய்வுகளிலும் சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. பயன் பெற்றவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் நோய் குறைந்தது. "மூன்று மாதம் நடந்தும் எடை இறங்கவில்லை" என்று மனந்தளர்ந்து நடையை நிறுத்திவிடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லாத் திட்டங்களும் பயன் தருவதில்லை

அமெரிக்காவில் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களை உள்ளடக்கி நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. உடற்பயிற்சி செய்வதாகக் கூறியவர்கள் அதிகரித்தனர். ஆனால் ஒன்றரை ஆண்டு முடிவில் இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இரண்டு வகை முயற்சிகளுக்கும் இடையில் முக்கியமான வேறுபாடு உள்ளது. அமெரிக்கத் திட்டம் எல்லா ஊழியருக்கும் பொதுவானது. சென்னை ஆய்வுகள், நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களைப் பரிசோதனை மூலம் கண்டறிந்து, அவர்களைத் தொடர்ந்து பின்தொடர்ந்தன. ஆண்டுக்கொருமுறை அலுவலகத்தில் முகாம் நடத்தி, முடிவுத் தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது மட்டும் தடுப்புத் திட்டம் ஆகாது. அந்தத் தாளைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று கூறவும், சில மாதங்கள் கழித்து மீண்டும் விசாரிக்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வீட்டிலும் இருக்கலாம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான கவனிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பின்னர் தொழிலாளர்களின் பணியிடங்களுக்கும் அது விரிவடைந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத்திருத்தமும் அதே ஆண்டில் வந்தது. இவற்றைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

முடிவுத் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 வரை இருந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. "கொஞ்சம்தான் கூடுதல்" என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். மேற்கண்ட ஆய்வுகளில் பலன் கிடைத்தது நீரிழிவு வருமுன்னரே தொடங்கியவர்களுக்குத்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதைத் தாண்டினாலும் பரிசோதனை அவசியம்.

பணியிடத்தில் செய்யக்கூடியவை

தேநீரைக் கணக்கிடுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 5 கிராம். இரண்டு கரண்டி இட்ட தேநீரை நாளுக்கு ஐந்து முறை அருந்தினால் 50 கிராம் ஆகிறது. சாதாரணமாக உண்ணும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் ஒரு நாளின் மேல்வரம்பு ஏறத்தாழ இவ்வளவே. முதலில் ஒரு கரண்டியாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

மதிய உணவை மாற்றியமையுங்கள். டிபன் கேரியரில் சோற்றின் அளவைக் குறைத்து, பொரியல், கூட்டு, கீரை, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி. மொத்த உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நன்று. வீட்டார் அனைவரும் இதே உணவை உண்டால், நோயாளர் தனித்து விடப்பட்டதாக உணரமாட்டார்.

நடையைப் பயணத்தோடு இணையுங்கள். வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடை இலக்கு. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பதும், உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பதும், மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறுவதும் இக்கணக்கில் சேரும்.

ஏற்கெனவே சிகிச்சையில் உள்ளோர் கவனத்திற்கு

இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள், வேலை மிகுதியால் மதிய உணவைத் தவறவிடுவது ஆபத்தானது. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். அருகில் பணிபுரியும் ஒருவரிடமேனும் தங்கள் நோயைக் கூறி வையுங்கள். இரவு ஷிப்டு மாறும்போது மருந்து நேரத்தைத் தாமாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள். கால் மரத்திருப்பவர்கள் நடைக்கு முன்னும் பின்னும் பாதங்களைப் பார்வையிட வேண்டும். நடக்கையில் நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை எம்மிடம் வரும்போது, அலுவலக முகாமில் பெற்ற பரிசோதனைத் தாள்களையும் தவறாமல் கொண்டுவாருங்கள். தங்கள் பணி நேரம், ஷிப்டு முறை, மதிய உணவு கிடைக்கும் வேளை ஆகியவற்றையும் கூறுங்கள். அவற்றை அறிந்தால்தான், தங்களால் உண்மையில் கடைப்பிடிக்கக்கூடிய சிகிச்சையை எம்மால் வகுத்துத் தர இயலும்.