எழும்பூரில் ஒரு திண்ணை

“ரயில் ஏறுவதற்கு அரண்மனை எதற்கு?” என்று எழும்பூர் நிலையத்தைக் கண்ட வாசகர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருக்கிறார். அவர் கண்ணை மெச்சவேண்டும். அந்த நிலையத்துக்குத் திட்டம் தீட்டிய ஹென்றி இர்வின், அதே காலத்தில் மைசூர் மகாராஜாவின் அரண்மனையையும் உருவாக்கிக்கொண்டிருந்தவரே.

தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காகப் பெங்களூர்க் கண்டிராக்டர் சாமிநாத பிள்ளை சுமார் 17 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டி முடித்த அந்நிலையம், 1908 ஜூன் 11ஆம் தேதி திறக்கப்பட்டது. மொகலாயர் கும்மட்டமும் மேல்நாட்டார் கட்டுமுறையும் சம்பந்தம் செய்துகொண்டாற்போன்ற இந்தப் பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், இங்கே ‘போட் மெயில்’ ஏறியவர்கள் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னார் வழியாகக் கொழும்பு சேர்ந்ததும் பலர் அறிந்த கதை.

என் மனத்தை ஆகர்ஷித்தது கும்மட்டமன்று. பிளாட்பாரங்களுக்கு நடுவே விடப்பட்டிருந்த சாலை. வந்த வண்டி நேரே உள்ளே போய், ரயில் பெட்டிக்கருகிலேயே நிற்க முடிந்தது. எங்கள் கிராமத்தில் பாட்டி பிரயாணம் புறப்படும் நாளில், வண்டிக்காரர் மாட்டுவண்டியைத் திண்ணையோடு அணைத்து நிறுத்துவார். முழங்கால் வலிக்காரியான அவள் தரையில் கால் வைக்காமலே வைக்கோல் மெத்தைக்கு நகர்ந்துவிடுவாள். எழும்பூர்ச் சாலையை முதன்முதலில் கண்டபோது அந்தத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று கோச்சு வண்டி வைத்திருந்த சீமான்களே அந்தச் சௌகரியத்தை மிகுதியும் அனுபவித்திருப்பார்கள் என்பது மெய்யே. ஆயினும், பிரயாணியின் சிரமத்தை எண்ணிப் போட்ட வழி, பின்னால் டாக்ஸியில் வந்த சாமானியருக்கும் உதவிற்று.

இன்று எத்தனையோ ஊர்களின் ரயில் நிலையங்களில், தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக மேம்பாலப் படிகளில் மூச்சிரைக்க ஏறும் தாய்மார்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு திண்ணை வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை; வந்துபோகிற நம்மிடமும் குற்றம் உண்டு. பழைய நிலையத் தூண் எதைப் பார்த்தாலும், வெற்றிலைக்குப் பூசியது போக மிஞ்சிய சுண்ணாம்பைத் தடவிய விரல் அடையாளம் இருக்கிறது. சொந்த வீட்டுத் திண்ணைத் தூணில் அப்படித் தடவியிருந்தால், என் பாட்டி அந்த விரலைச் சும்மா விட்டிருக்கமாட்டாள்.