பிறர் தந்த பொட்டலமும் சுங்கச் சட்டமும்

வளைகுடா நாட்டுக்குப் புறப்படும் ஒருவரைத் தேடி அக்கம்பக்கத்தார் வருவதும், "என் மகனிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு பொட்டலம் தருவதும் நம் ஊர்களில் வழக்கம். அதில் மசாலாப் பொருள்களோடு கசகசாவும் இருக்கலாம். நம் சமையலறையில் அது குருமாவுக்கு உரியது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலுமோ அது தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதே காரணம்.

ஓரிடத்தில் உணவாக இருப்பது மற்றோரிடத்தில் குற்றமாவது எவ்வாறு?

உலகச் சுங்க அமைப்பு பிரஸ்ஸல்ஸ் நகரில் இயங்குகிறது. அது வகுத்த பொருள் வகைப்பாட்டு முறை 1988 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. கசகசாவின் எண் 120791. இந்த எண் உலகுக்குப் பொது. ஆயின், அப்பொருளை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே முடிவு செய்கிறது.

நம் நாட்டில் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பயணி தம் பெட்டியில் உள்ளவற்றை அதிகாரியிடம் உண்மையாக அறிவிக்க வேண்டும் என்கிறது 77ஆம் பிரிவு. தீர்வைக்குரிய பொருளை மறைத்துப் பச்சை வழியில் சென்றால் பொருள் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. கடுங்குற்றங்களுக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கடத்தல் தங்கம் என்ற நியாயமான ஐயத்தில் தங்கம் கைப்பற்றப்பட்டால், அது கடத்தல் பொருளன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதை வைத்திருந்தவரையே சாரும். "இன்னார் தந்தார்" என்ற சொல் மட்டும் அவரைக் காப்பாற்றாது.

உண்மை பேசுவோருக்குச் சட்டம் சலுகையும் தருகிறது. தீர்வைக்குரிய அல்லது தடையுள்ள பொருளை ஒளிக்காமல் அறிவித்தவர் வேண்டிக்கொண்டால், அதிகாரி அதனைச் சுங்கக் காவலில் வைத்து, அவர் நாட்டை விட்டுச் செல்லும்போது திருப்பித் தரலாம். இது 80ஆம் பிரிவு.

அமானிதத்தைப் பேணுதல் நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அக்கடமையை ஏற்குமுன், ஏற்பது இன்னதென்று அறிதல் வேண்டும். எனவே, கொடுப்பவர் முன்னிலையிலேயே பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கத் தயங்குவோரிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். வலி நிவாரணி, இருமல் மருந்து போன்றவற்றிற் சிலவும் வளைகுடாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை; செல்லும் நாட்டின் விதியை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளைக்கு ஆசையோடு அனுப்பும் பொருள், இன்னொரு தாயின் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பிவிடக் கூடாது. பொட்டலம் கட்டுமுன் இதனை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.